மாங்கொட்டையும் 53,500 ரூபாயும்: நாய், பூனை வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு நள்ளிரவு ஆஸ்பத்திரி வழிகாட்டி

மாம்பழ சீசனில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு எங்கள் பூரி வாந்தி எடுக்கத் தொடங்கினாள். பூரி நான்கு வயது நாட்டு நாய், 18 கிலோ. முதலில் சோறு வந்தது, அப்புறம் நுரை, அப்புறம் ஒன்றுமே வராமல் வயிறு மட்டும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. "24 மணி நேரம்" என்று பலகை வைத்திருந்த முதல் இடத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டாவது இடத்தில் உதவியாளர் இருந்தார், டாக்டர் இல்லை. மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. மதியம் அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்ததும், அதில் கிடந்த மாங்கொட்டைகளில் ஒன்று கணக்கில் வராததும் ஸ்கேன் அறை வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். இரவு கன்சல்டேஷன் 1,200. இரத்தப் பரிசோதனை 1,800. எக்ஸ்ரே இரண்டு, 1,600. ஸ்கேன் 1,500. குடலைத் திறந்து கொட்டையை எடுத்த அறுவை சிகிச்சை, மயக்க மருந்தோடு சேர்த்து 32,000. மூன்று நாள் தங்கியதற்கு 9,000. மருந்து, ட்ரிப்ஸ் 6,400. மொத்தம் 53,500 ரூபாய். இது எங்கள் பில் மட்டும்தான். உங்கள் ஊரில், உங்கள் நாயின் எடைக்குக் கூடும், குறையும். ஆனால் எந்தெந்தத் தலைப்பில் பணம் போகிறது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் இப்படித்தான்.

இரண்டாம் நாள் காலையிலேயே பூரி தானாகச் சாப்பிட்டு வாலாட்டிக்கொண்டிருந்தாள். "அன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கலாமே, நீங்கள் கேட்கவில்லையே" என்று தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லைதான். பணத்தைப் பற்றிப் பேசினால் நாய் மேல் பாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்தக் கூச்சத்தை எங்கே, எப்படி விடுவது என்பதைப் பற்றித்தான்.

முதல் படி: ஒன்றும் ஆகாத நாளில் செய்யவேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள மூன்று இடங்களுக்குப் போன் செய்து, "இரவு இரண்டு மணிக்கு வந்தால் டாக்டர் நேரில் இருப்பாரா, போன் செய்து வரவழைப்பீர்களா?" என்று கேளுங்கள். "24 மணி நேரம்" என்ற பலகைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அர்த்தம். அடுத்து, எக்ஸ்ரேயும் ஆக்சிஜனும் அங்கேயே உண்டா, பூனையைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் பூனை என்றாலே தயங்குவார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையைப் பகலில் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதன் மருத்துவமனை இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. கண், எலும்பு, இதயம், தோல் என்று தனித்தனிப் பிரிவுகள், நாய்களுக்கான டயாலிசிஸ், இரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்தில். தனியார் இடத்தில் ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். அதற்குப் பதிலாகக் கொடுக்கவேண்டியது நேரம். காலையில் சீக்கிரம் போய், சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மாணவர்கள் ஒருமுறையும் பேராசிரியர் ஒருமுறையும் பார்க்கும்வரை காத்திருக்கவேண்டும். கையில் பையும் ஃபைலுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு அங்கங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆஸ்பத்திரிகள் இதே வேலையைச் செய்கின்றன. 1962 என்ற எண்ணில் வரும் ஆம்புலன்ஸ் முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது. நள்ளிரவில் உங்கள் பக் நாய்க்கு அது வந்து நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவேண்டாம்.

அப்புறம் ஒரு ஃபைல். தடுப்பூசிப் புத்தகம், கடைசியாகப் பார்த்த எடை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, பழைய இரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் போடப்படும். கழுத்துப்பட்டை, வாய்க்கட்டு, பூனைக்கு மூடியுள்ள கூடை, ஒரு பழைய பெட்ஷீட் ஆகியவற்றை ஒரே பையில் கதவருகே தொங்கவிடுங்கள்.

பணம். தனி வங்கிக் கணக்கு, உண்டியல், போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., எதுவானாலும் சரி. மாதம் ஆயிரம் ரூபாய் தனியாகப் போட்டால் இரண்டு வருடத்தில் 24,000. அறுவை சிகிச்சை முழுதுக்கும் போதாது. ஆனால் இரவில் கேட்கும் அட்வான்ஸுக்குப் போதும், அந்த நேரத்தில் அதுதான் முக்கியம். கூடவே வீட்டில் உட்கார்ந்து ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள்: கடன் வாங்காமல் எவ்வளவு வரை, கடன் வாங்கினால் எவ்வளவு வரை. இந்தப் பேச்சைக் கணவன் மனைவி பகலில் பேசவேண்டும். ஆஸ்பத்திரி வராண்டாவில் விடிகாலை மூன்று மணிக்குப் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

இரண்டாம் படி: காலை வரை காத்திருக்கக் கூடாதவை

புதிதாக வளர்ப்பவர்களின் பெரிய குழப்பமே இதுதான். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு ஓடி விளையாடும் நாயை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடி மூவாயிரம் ரூபாய் கொடுப்பார்கள். மூத்திரம் போக முடியாத ஆண் பூனையை "மலச்சிக்கல் போல" என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பார்கள்.

அந்தப் பூனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் மேல்வீட்டு அக்காவின் பூனை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. மணல் மாதிரி படிவமோ சளி போன்ற அடைப்போ அதில் சிக்கினால் மூத்திரம் தேங்கி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே குலைந்துவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சொட்டுக்கூட வரவில்லை என்றால் அந்த நிமிடமே கிளம்பவேண்டும். முதல் சில மணி நேரத்தில் போனால் குழாய் போட்டு எடுத்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால் அதே நோய்க்கு ஐந்து நாள் ஐ.சி.யூ.

பெரிய மார்புள்ள நாய்கள், அதாவது ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்றவை, வயிறு மேளம்போல உப்பி, வாந்திக்கு ஓங்கரித்து ஒன்றுமே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதில் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். கருத்தடை செய்யாத பெண் நாய் 'ஹீட்' எனப்படும் இனச்சேர்க்கைக் காலம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சில நேரம் பின்புறம் சீழ் வடியும், சில நேரம் ஒன்றும் வராது. ஒன்றும் வராததுதான் அதிக ஆபத்து. இது வந்தபின் செய்யும் அறுவை சிகிச்சையின் பில்லைப் பார்த்தவர்கள் யாரும் கருத்தடைச் செலவைப் பற்றி முணுமுணுக்கமாட்டார்கள்.

தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும், நாற்றமடிக்கும் இரத்தப் பேதியுமாகப் போனால் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோயான பார்வோ என்றே நினைத்துக் கிளம்புங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ கிளம்பவேண்டும். அப்போது கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் நம் ஊர் வைத்தியத்தை நாயிடம் காட்டவேண்டாம், வாயருகே விரலைக் கொண்டுபோனால் விரல்தான் போகும். பக்கத்தில் உள்ள நாற்காலியை நகர்த்திவிட்டு, போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அந்த வீடியோ உதவும்.

மூச்சுத் திணறல், வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனை, நிற்காத இரத்தம், பிரசவத்தில் அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராமை, வண்டி மோதியது, மாடியிலிருந்து விழுந்தது ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியே காயமே இல்லாவிட்டாலும் காட்டவேண்டும்.

சந்தேகமாக இருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான நாளில் அது ரோஜா நிறம். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்து, நீலம் பாரித்து, அல்லது செங்கல் நிறத்தில் இருந்தால் கிளம்புங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல் தொடர்ந்து போனாலும் காட்டவேண்டும். காய்ச்சல் பார்க்கும்போது மனிதர்களின் 98.6 கணக்கை மறந்துவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் 101, 102 டிகிரி என்பது சாதாரணம்.

மூன்றாம் படி: கிளம்பும் முன், வழியில்

முதலில் போன். "18 கிலோ நாட்டு நாய், நான்கு வயது, பதினோரு மணியிலிருந்து எட்டு முறை வாந்தி, இருபது நிமிடத்தில் வருகிறோம்" என்று சொன்னால் போதும். டாக்டர் இல்லையென்றால் போனிலேயே தெரிந்துவிடும். எனக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டு மருந்தில் கை வைக்காதீர்கள். ஒரேயொரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். நமக்கு வலி போக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். ஏதோ தின்றுவிட்டது என்று உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. உப்பே விஷமாகும், அமிலமோ மண்ணெண்ணெயோ தின்றிருந்தால் திரும்ப மேலே வரும்போது தொண்டையும் நுரையீரலும் சேர்ந்து போகும்.

தின்றது எலி மருந்து என்றால் அதன் பாக்கெட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். கட்டி கட்டியாக இருக்கும் கேக் வகைகளில் பல இரத்தம் உறையாமல் செய்பவை. அவற்றுக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, சில வாரம் கொடுத்தால் நாய் பிழைக்கும். பேஸ்ட்டாக வரும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைத் தாக்குவது, அதற்கு அந்த மருந்து வேலை செய்யாது. எந்த எலி மருந்து என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பதில்தான் பணமும் நேரமும் கரையும்.

பாம்பு கடித்திருந்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், மனிதர்களுக்குப் போடும் அதே குப்பியைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள். 1978-ல் தொடங்கிய, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷம் இந்த மருந்து தயாரிக்கத்தான் போகிறது. போனிலேயே "குப்பி கையிருப்பில் உண்டா, எத்தனை?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எத்தனை குப்பி தேவைப்படும் என்பதைப் பொறுத்துத்தான் இதில் பில் ஏறும்.

வெயில் தாக்கினால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிவிட்டு, ஏ.சி. வண்டியில் ஏற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் மே மாதத்தில் பகல் நடையையே விட்டுவிடுங்கள்.

அடிபட்ட நாய் உங்களையே கடிக்கும். வலி அப்படி. மூச்சுத் திணறல், வாந்தி இல்லாவிட்டால் துப்பட்டாவால் வாயைக் கட்டித் தூக்குங்கள். இரவு ஆட்டோக்காரர்கள் நாய் என்றால் யோசிப்பார்கள். தெரிந்த ஒருவரின் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கவுண்டரில், பரிசோதனை மேஜையில்

இங்கேதான் பில் உருவாகிறது. டாக்டரை எதிரியாக நினைத்துப் போனாலும் நஷ்டம், கடவுளாக நினைத்து வாய் மூடி நின்றாலும் நஷ்டம்.

பணம் ஏன் இவ்வளவு ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும். ஆக்சிஜன், மயக்க மருந்து இயந்திரம், தையல் நூல், மானிட்டர் எல்லாம் மனிதர்களுக்கு வாங்குகிற அதே வகைச் சரக்குதான். நமக்கு அரசு ஆஸ்பத்திரியோ இன்ஷூரன்ஸோ கட்டும் பணத்தை இங்கே நம் பர்ஸிலிருந்தே முழுதாக எடுத்து வைக்கிறோம். "நாய்க்கா இவ்வளவு?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இதைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், விடுங்கள்.

முதல் பரிசோதனை முடிந்து, டாக்டர் என்ன நினைக்கிறார் என்று சொன்னதும் பேசவேண்டிய நேரம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர், என்னால் இன்றைக்கு இருபதாயிரம் வரை முடியும். நாளைக்குள் இன்னும் பதினைந்து புரட்டலாம். அதற்குள் இவளுக்கு எது மிக அவசியமோ அதை முதலில் செய்யலாமா?"

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்ணைச் சொன்னால் டாக்டருக்குத் திட்டம் போட முடியும். சொல்லாவிட்டால் அவர் தன் பாடப்புத்தகத்தில் உள்ள சிறந்த வழியையே தொடங்குவார், பாதி வழியில் உங்கள் பணம் தீரும். அதைவிட மோசமான செலவு எதுவும் இல்லை. சோதனைகளுக்கே எல்லாப் பணமும் போய், சிகிச்சைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்களை நான் அந்த வராண்டாவிலேயே பார்த்தேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே கேள்வி போதும்: "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" பூரிக்கு எக்ஸ்ரேயில் மாங்கொட்டை தெளிவாகத் தெரியவில்லை. எலும்பு, கல், இரும்பு மாதிரி அது பளிச்சென்று தெரியாது, குடலில் காற்று அடைத்து நிற்கும் விதத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது, உடனே அறுவை என்று முடிவானது. அந்த 1,500 ரூபாய் நியாயம். முடிவு எப்படி வந்தாலும் அதே ட்ரிப்ஸ், அதே ஊசிதான் என்றால், அந்தச் சோதனை காலை வரை பொறுக்கும்.

எஸ்டிமேட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்ணாக. குறைந்ததை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது மனித இயல்பு, அதிகபட்சத்தைப் பார்த்து முடிவெடுங்கள். "இந்தத் தொகையைத் தாண்டும் முன் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதுங்கள். நான் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தினமும் காலை அதுவரை ஆன தொகையையும், "இன்று வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?" என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்றைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை: இரவு முழுக்க நாயோடு யார் இருப்பார்கள்? கூண்டில் ட்ரிப்ஸ் மாட்டிவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போய், வாட்ச்மேன் மட்டும் இருக்கும் இடமாக இருந்தால், அந்த ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகைக்கு அர்த்தமில்லை. ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு வீட்டில் வைத்துக்கொண்டு காலையில் வருவதே சில நேரம் மேல்.

வீட்டோடு வைத்துப் பார்ப்பது என்றால் குறைந்த தரம் என்று நினைக்கவேண்டாம். பார்வோ வந்த நாய்களை வைத்து அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-ல் வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாய்களில் 90 சதவீதம் பிழைத்தன. முதலில் நரம்பில் ட்ரிப்ஸ் ஏற்றித் தேற்றிவிட்டு, அதன்பின் வெளிநோயாளி முறையில் தோலுக்கடியில் தண்ணீர், வாந்தி நிற்கும் ஊசி, ஆன்டிபயாட்டிக் என்று பார்த்த நாய்களில் 80 சதவீதம் பிழைத்தன. ஒவ்வொரு குழுவிலும் இருபது நாய்கள்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் ஐந்து நாள் ஐ.சி.யூ.வுக்குப் பணம் இல்லை என்றால் குட்டியைச் சாகவிடவேண்டும் என்பதில்லை. "சேர்க்க வசதியில்லை, தினமும் அழைத்து வந்தால் பார்ப்பீர்களா?" என்று கேட்க ஒரு வாக்கியம்தான் செலவு.

மருந்துச் சீட்டையும் கேளுங்கள். நாய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பல நமக்கான மருந்துக் கடையிலேயே கிடைப்பவை. உண்ணிக் காய்ச்சலுக்கு மூன்று நான்கு வாரம் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அதில் ஒன்று. அளவை மட்டும் டாக்டர்தான் எழுதவேண்டும். உண்ணிக் காய்ச்சலைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: சென்னையில் நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அந்தக் காய்ச்சலால் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) இறங்கியிருக்கிறது என்று அர்த்தமாகலாம். மாதம் ஒரு உண்ணி மாத்திரை போட்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது.

இரத்தம் ஏற்றவேண்டும் என்றால் நாய்க்கும் பூனைக்கும் ஒரு வித்தியாசம். நாய்க்கு முதல் முறை ஏற்றும்போது வகை பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனைக்கு அப்படியில்லை, வகை பார்க்காமல் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தெருவில் இரத்தம் கொடுக்கக்கூடிய, 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட நாய் வைத்திருக்கும் நண்பர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

ஐந்தாம் படி: சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினால்

மூட்டு, கண், நரம்பு, புற்றுநோய் என்று அனுப்பும்போது பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு வாங்கிப் போங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்பார்கள். அவசரம் இல்லாத பெரிய அறுவை சிகிச்சைக்கு இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, முதல் டாக்டரிடம் சொல்லிவிட்டே கேட்கலாம். தனியார் இடத்தில் நிலைமையைச் சீராக்கிவிட்டு, காலையில் வேப்பேரிக்கு மாற்றி மீதிச் சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் பலர். நாய் பயணத்தைத் தாங்குமா என்பதை மட்டும் டாக்டர் சொல்லவேண்டும்.

ஆறாம் படி: பணம் எங்கிருந்து

இன்ஷூரன்ஸ் இப்போது நம் நாட்டிலும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களின் பழைய நாய் பாலிசிகள் பெரும்பாலும் நாய் இறந்தால் பணம் தருபவை, சிகிச்சைச் செலவுக்கு அவ்வளவாக உதவாது. 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் அறுவை சிகிச்சையையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்க்கத் தொடங்கின. வாங்கும் முன் நான்கைப் பாருங்கள்: எந்த வயதுக்குள் சேரவேண்டும், காத்திருப்புக் காலம் எத்தனை நாள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா, ஒரு நோய்க்கு உச்சவரம்பு எவ்வளவு. பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டி, பிறகு பில் காட்டித் திரும்ப வாங்கவேண்டும். ஆகவே இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அந்த உண்டியல் தேவைதான்.

மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் நாய் பூனைக்கும் பணம் திரட்டுகிறார்கள். எஸ்டிமேட்டையும் பில்லையும் போட்டால்தான் முன்பின் தெரியாதவர்கள் நம்பிக் கொடுப்பார்கள். ஆனால் அது இன்றிரவுப் பணம் அல்ல, அடுத்த வாரப் பணம். இரவுக்குக் கிரெடிட் கார்டோ மச்சானோதான். சில இடங்களில் தவணை ஏற்பார்கள், கேட்டால்தான் தெரியும்.

ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் முதன்மையாகத் தெரு விலங்குகளுக்காக நடப்பவை, அவர்கள் கை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. செலவுக்குப் பயந்து அங்கே வாசலில் கட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வளர்த்த விலங்கை அநாதையாக விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் தடவைக்குப் போடும் அபராதத்தின் உச்சம் 50 ரூபாய் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏழாம் படி: முடியாது என்று சொல்லவேண்டி வந்தால்

இதை யாரும் வழிகாட்டியில் எழுதுவதில்லை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "பிழைக்க வாய்ப்பு எவ்வளவு? பிழைத்தால் எப்படி வாழும்? உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் சொல்லத் தயங்குவார்கள், சொல்பவர்களின் பதில் பெரும்பாலும் உண்மையானது. வலியைக் குறைத்து வீட்டில் வைத்துப் பார்ப்பதும் ஒரு சிகிச்சை. ஊசி போட்டுத் தூங்கவைப்பது என்று முடிவானால், முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள், கூடவே இருக்க அனுமதி கேளுங்கள். அடக்கம் எங்கே என்பதையும் அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், பிறகு கேட்க வாய் வராது. ஐம்பதாயிரம் இல்லாததால் எடுத்த முடிவு பாசம் இல்லாததால் எடுத்ததாகாது. மேல்வீட்டு அக்காவிடம் இதை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

கூம்புக் காலரைக் கழற்றாதீர்கள், பாவமாகப் பார்த்தாலும். தையலை ஒரு இரவில் நக்கிப் பிரித்தால் திரும்ப மேஜைக்குப் போகவேண்டும், திரும்ப பில். குடல் அறுவைக்குப் பின் முதல் ஐந்து நாள் கவனம்: சாப்பாட்டை வெறுத்தாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, வயிற்றைத் தொடவிடாவிட்டாலோ தையல் கசிகிறதா என்று பார்க்கவேண்டும், அன்றே போங்கள். வெளித்தையல் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துக்குப் பக்கத்தில் நேரத்தைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், வீட்டில் யார் கொடுத்தார்கள் என்று டிக் அடிக்கவும் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் நடந்ததுபோல அப்பா ஒருமுறை, நான் ஒருமுறை என்று ஒரே மாத்திரை இரண்டு தடவை உள்ளே போகும்.

குப்பைக்கூடை இப்போது பால்கனியில், மூடிமேல் அம்மிக்குழவியோடு இருக்கிறது. பூரி தினமும் ஒருமுறை போய் அதை மோந்துபார்த்துவிட்டு வருகிறாள்.